பிள்ளைகளோடு வேதம் வாசிக்கும் அப்பாக்களுக்கு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு ஆராதனை முடிந்து, வெளித் திண்ணையில் மைலோ குவளையோடு நிற்கும்போதுதான் எங்கள் சபை ஆண்களுக்கு வாய் திறக்கும். உள்ளே போதகரிடம் கேட்கத் தயங்கியதை அங்கே என்னிடம் கேட்பார்கள். நான் போதகர் அல்ல. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, இப்போது செம்பனை ஆலையில் பாய்லரைக் காத்துக்கொண்டிருப்பவன். பதினேழு, பன்னிரண்டு, ஆறு என்று மூன்று பிள்ளைகள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், சொன்ன பதில்களை எழுதி வைத்தேன். சிலவற்றைச் சொன்னபோது இருந்ததைவிட இப்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.

தினமும் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்?

பத்து நிமிடம் போதும். அதைத் தாண்டினால் வாசிப்பு போய்ப் பிரசங்கம் வந்துவிடுகிறது. ஒரு பகுதி, அதைப் பற்றி ஒரு பேச்சு, ஒரு சிறு ஜெபம். உடம்பு முடியாத நாளுக்கு 117ஆம் சங்கீதம் இருக்கிறது, இரண்டே வசனம். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்று ஓர் அப்பா பிடிவாதமாக உட்கார்ந்தார். பிள்ளைகள் இன்றும் அந்த இரவைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த அப்பா நான்தான்.

எனக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. குடும்ப ஜெபத்துக்கு நிலையான நேரமே அமையவில்லை. என்ன செய்வது?

எனக்கும் அதே கதைதான். ஆனால் நிலையான நேரம் நம் பெரியவர்களுக்கு மட்டும் எங்கே இருந்தது? விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். குளிர் இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே என் தாத்தா நான்கு மணிக்கு முன்பே எழுந்துவிடுவார். அவர் வேதாகமத்தைத் திறந்து நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாள்களில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று முணுமுணுப்பார். பாட்டி என்னைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டுபோய் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விடுவார். அந்த முணுமுணுப்பைக் கேட்டுத்தான் 23ஆம் சங்கீதம் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உபாகமம் 6:7ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பிள்ளைகளோடு பேசு என்கிறது. மணி குறிப்பிடவில்லை. பகல் ஷிப்ட் வாரத்தில் எனக்கு வாய்ப்பது படுக்கிற நேரம். இரவு ஷிப்ட் வாரத்தில் வாய்ப்பது வழி: ஆலையிலிருந்து வந்த கையோடு இரண்டாமவளைக் கப்சாய் மோட்டாரில் ஏற்றித் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகும் எட்டு நிமிடம். மோட்டாரில் ஒரு சௌகரியம் உண்டு. பின்னால் இருக்கிறவள் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கூச்சமில்லாமல் கேட்பாள். "காயீன் ஆபேலை அடிக்கும்போது கடவுள் ஏன் கையைப் பிடிக்கவில்லை?" என்று ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள். "தெரியவில்லை அம்மா" என்றேன். பச்சை விழுந்தது. அடுத்த நாள் காலையும் அதே கேள்வியோடு ஏறினாள்.

தூக்கம் கண்ணை அழுத்தினால் தூங்குங்கள். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127ஆம் சங்கீதம் சொல்கிறது. அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிய சங்கீதம் அது. நம்மைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

மாற்கு. பதினாறே அதிகாரம், கதை ஓட்டமாகப் போகும், சின்னப் பிள்ளைகளும் கூடவே வருவார்கள். அது முடிந்ததும் நீதிமொழிகள்: முப்பத்தொரு அதிகாரம், தேதிக்கு ஒன்று. நாள் தவறினால் விட்டதைத் துரத்தாமல் அன்றைய தேதிக்கு உரியதைத் திறந்தால் போதும்.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. புத்தாண்டுக்கு உற்சாகமாகத் தொடங்குவார்கள். சீனப் பெருநாள் வரும்போது லேவியராகமத்தில் பலி ஆட்டின் கொழுப்பில் வழுக்கி விழுவார்கள்.

பழைய வேதாகமத் தமிழ் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் வாசித்துவிடலாமா?

மகன் தேசியப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவனாக இருந்தால், அவனுக்குப் புரியும் மொழியில் வாசியுங்கள். கடவுளுக்குத் தமிழ் மட்டுமா தெரியும்?

ஆனால் தமிழை முழுவதும் கைவிட எனக்கு மனம் வராது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. நம் சபைகளில் இன்றும் வாசிக்கிற மொழிபெயர்ப்பு, ஹென்றி போவர் என்பவர் தலைமையில் 1871இல் முடிந்தது. நூற்றைம்பது ஆண்டுத் தமிழ் என்றால் பிள்ளைக்கு முள் குத்தத்தான் செய்யும். ஆகவே நான் இரண்டை வைத்துக்கொள்கிறேன். பழையதில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கும். கத்தோலிக்க நண்பர் ஒருவர் கொடுத்த பிரதி. இரண்டையும் வாசித்துவிட்டு எது பிடித்திருக்கிறது என்று கேட்பேன். என் இரண்டாமவளுக்குத் "தாழ்ச்சியடையேன்" பிடித்திருக்கிறது. பொருள் கேட்டால், "தெரியாது அப்பா, ஆனால் நல்லா இருக்கு" என்கிறாள். அதற்கு மேல் நான் துருவவில்லை.

என் அப்பா குடிகாரர். கடவுளை "அப்பா" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

இதை ஒரு முறை ஒருவர் கேட்டார். பின்பு தனித்தனியாக நான்கு பேர் கேட்டார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் புகுந்து போன லயங்களில் வளர்ந்தவர்கள் நாம். வியப்பில்லை.

புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் "அப்பா பிதாவே" என்று வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. அந்த "அப்பா" தமிழ் அல்ல. இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்கத்தில் எழுதியவர்களும் அதை மாற்ற மனமின்றி அப்படியே விட்டிருக்கிறார்கள். தமிழனுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை. (ஒலி பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்து அரமேயமும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களை நம்ப வேண்டாம்.) அந்த மூன்றில், இயேசுவே வாய்விட்டு அப்படிக் கூப்பிடுவது கெத்செமனேயில். பயந்து, வியாகுலப்பட்டு, தரையில் விழுந்து, ஒன்றைக் கேட்கிறார். கேட்டது கிடைக்கவில்லை. மகிழ்ச்சியான குடும்பப் படத்தின் கீழ் எழுதிய சொல் அல்ல அது. உங்களுக்கு வாய் வராத இரவுகளிலும் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு என்று நான் நினைப்பது அதனால்தான்.

என் அப்பாவும் குடித்தவர்தான். ஒரு சம்பள நாள் இரவில் லயத்துக்கு முன்னால் இருந்த கால்வாயில் விழுந்துவிட்டார். நாங்கள் விளக்கோடு ஓடினோம். இடுப்புவரை சேற்றில் நின்றார். ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தக் கையில் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே, வறுத்த கடலை. சம்பளத்தில் பாதி போயிருந்தது, கடலை நனையவில்லை.

லூக்கா 11:13இல் இயேசு, "பொல்லாதவர்களாகிய நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஈவுகளைக் கொடுக்க அறிந்திருக்கும்போது" என்கிறார். அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்குக் கால்வாயும் அந்தக் கையும்தான் தெரியும். அதற்காக உங்கள் அப்பாவை நல்லவராக்கிக் காட்ட வேண்டாம். அம்மா பட்டது பட்டதுதான். அதையும் என் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்கிறதே. அடிக்கலாமா?

நீதிமொழிகள் 13:24. அந்த வசனம் இல்லை என்று சொல்ல மாட்டேன், வளைக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தமிழில் "பிரம்பு" என்று வருவதற்கும், 23ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்பதில் "கோல்" என்று வருவதற்கும் எபிரெயத்தில் ஒரே சொல்தான். மேய்ப்பன் கையில் இருக்கிற கோல் அது. ஓநாய்க்குத்தான் அதைக் கண்டு நடுக்கம் வர வேண்டும். கடையில் வண்ணக் கைப்பிடியோடு கட்டுக்கட்டாகத் தொங்குகிற ரோத்தான் பிரம்பைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "என்னைத் தேற்றும்" என்று பாடியதாக நான் கேட்டதில்லை. புதிய ஏற்பாட்டில் பவுல் அப்பாக்களைப் பார்த்துச் சொல்வதும், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்றுதான் தொடங்குகிறது. சட்டம் வேறு இருக்கிறது: மலேசியாவின் சிறார் சட்டம் 2001இன்படி பிள்ளையைத் துன்புறுத்துவது குற்றம்.

எங்கள் வீட்டிலும் ஒரு ரோத்தான் இருந்தது. இப்போது கொல்லையில் பயற்றங்கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. எப்படி அங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வியில்.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் அப்பாவுக்கு இருக்கும் மதிப்பு போய்விடாதா?

அப்போது மூத்தவனுக்குப் பதினொரு வயது. மேசை இழுப்பறையில் வைத்த ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டைக் காணவில்லை. அவன்தான் எடுத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இல்லை என்றான். பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னும் இரண்டு அடி விழுந்தது. மறுநாள் மழை. மோட்டாரை எடுக்கும்போது மழைச் சட்டைப் பையில் கைவிட்டால், ஐம்பது வெள்ளி. பெட்ரோலுக்கென்று நானே எடுத்து வைத்தது.

அவனிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நோட்டை அவனுக்குத் தெரியாமல் இழுப்பறையிலேயே திரும்பப் போட்டேன். அது அதைவிடக் கேவலம். அன்று இரவு வாசிப்பு அவன் முறை. குறித்திருந்த பகுதியை விட்டுவிட்டு, பக்கங்களைப் புரட்டி, கொலோசெயர் 3:21ஐ எடுத்தான். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." ஒரு முறை வாசித்தான், வேதாகமத்தை மூடினான், எழுந்து போய்விட்டான். என் மனைவி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இன்னும் ஒரு நாள் தள்ளிப் போட்டேன். எங்கள் ஆலையில், வெட்டிய செம்பனைக் குலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீராவிக்குள் போயாக வேண்டும். கிடக்கக் கிடக்கப் பழத்தில் அமிலம் ஏறும். பிறகு எண்ணெயின் தரம் இறங்கிவிடும், விலையும் இறங்கும். குலை ஏற்றிய லாரி தாமதமானால் ஓட்டுநரிடம் கத்துகிறவன் நான். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதை எபேசியரில் பல முறை வாசித்தவனும் நானே. இரண்டு சூரியன் அஸ்தமித்த பிறகுதான் அவன் அறைக்குப் போனேன். "ஐம்பது வெள்ளி என் பையில்தான் இருந்தது. உன்னை அடித்தது தப்பு. நீ உண்மை சொன்னாய், நான் நம்பவில்லை. அதுவும் தப்பு." அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வெகுநேரம் கழித்து, "தெரியும்" என்றான். நோட்டை நான் திரும்ப வைத்ததைப் பார்த்திருக்கிறான்.

மதிப்பு போயிற்றா என்றால், போயிற்று. ஆனால் அது மன்னிப்புக் கேட்டதால் போகவில்லை. ரோத்தானை மறுநாள் கொல்லையில் ஊன்றினேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: எனக்கு உறைக்கிற வசனம் வந்தால், "இது அப்பாவுக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். பிள்ளைகளுக்கு மட்டும் பொருத்திக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் கொட்டாவி விட்டார்கள். இப்போது எந்த வசனத்தில் அப்பா மாட்டுவார் என்று காத்திருக்கிறார்கள்.

பதினேழு வயது மகன் ஜெபத்துக்கு வர மறுக்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

மேலே சொன்ன அதே மகன்தான் என் வீட்டிலும் மறுக்கிறான். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) வருடம், அறைக் கதவு பாதி சாத்தியிருக்கும், காதில் எதையோ மாட்டியிருப்பான்.

வேதத்தில் இதற்கு மூன்று அப்பாக்களைப் பார்க்கிறேன். ஏலி, மகன்கள் செய்வது தெரிந்தும் அடக்கவில்லை. தாவீது, எருசலேமுக்குத் திரும்பி வந்த அப்சலோமின் முகத்தை இரண்டு வருடம் பார்க்கவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு. பின்பு "என் மகனே அப்சலோமே" என்று கதறியபோது கேட்பதற்கு அவன் உயிரோடு இல்லை. மூன்றாமவர் லூக்கா 15இல், வீட்டைவிட்டுப் போன இளைய குமாரனின் கதையில் வருகிற அப்பா. அவர் மகனைத் துரத்திக்கொண்டு தூர தேசத்துக்குப் போகவில்லை. ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே கண்டுவிட்டார். வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத்தான் அப்படித் தெரியும்.

நான் செய்வது இவ்வளவுதான். அவன் இடத்தில் பாயை விரித்து வைக்கிறோம். கூப்பிடுவது ஒரு முறை மட்டும். வாசிப்பதைக் கொஞ்சம் உரக்க வாசிக்கிறோம். சென்ற மாதம் தானியேலில் போய்க்கொண்டிருந்தோம். கடைக்குட்டி "நேபு... நேபுகா..." என்று மூன்று முறை திணறினாள். பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து "நேபுகாத்நேச்சார்!" என்று எரிச்சலோடு ஒரு குரல் வந்தது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மட்டும் "நன்றி அண்ணே" என்றாள்.

மனைவியின் குடும்பத்தார் இந்துக்கள். தீபாவளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகாமல் எப்படி? "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளைக்கு, அவர்கள் கிறிஸ்தவர்களாய் இருந்தால் மட்டும் என்று அடிக்குறிப்பு இல்லை. போங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள், பெரியவர்களிடம் வாழ்த்து வாங்குங்கள். அன்றைக்குத் துண்டுப் பிரசுரம் கொண்டுபோகாதீர்கள்.

படையலைச் சாப்பிடுவதில் சபைக்குச் சபை கருத்து வேறு. 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். நாங்கள் சாப்பிடுவதில்லை. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் மனைவியும் முதல் வருடம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். அவர் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போனார். அடுத்த வருடத்திலிருந்து, படைக்கும் முன்பே எங்களுக்கென்று வடையை ஒரு தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிடுகிறார். பிறர் விசுவாசத்தை மதிப்பது எப்படி என்பதை என் பிள்ளைகள் கற்றது அந்த மூடிய பாத்திரத்தில்.

எனக்கு வாசிக்க வராது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17 சொல்கிறது. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. அப்பா காது கொடுக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மாதம் ஒரு முறைதான் வீடு. போனில் ஜெபிப்பது ஜெபமாகுமா?

ஆகும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற விசாரணை முடிந்த பிறகு ஒரே ஒரு வசனம், பிறகு அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபம். சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தான், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனான் என்றுதான் இருக்கிறது. பேச்சு வராத அப்பாக்கள் அவரைப் பார்த்து ஆறுதல் அடையலாம். ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டு நாளையும் தூங்கியே கழித்துவிடாதீர்கள்.

எனக்கே விசுவாசம் ஆட்டம் காண்கிறது. இந்த நிலையில் பிள்ளைகளுக்கு வாசித்தால் அது நடிப்பாகாதா?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24இல் கண்ணீரோடு கதறியவர் யார்? சீஷன் அல்ல, வேதபாரகன் அல்ல. நோயாளி மகனைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அப்பா. இயேசு அவருடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு, எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லி வாசியுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் வாசித்தால்தான் நடிப்பு.

வாசிக்கும்போது கடைக்குட்டி தினமும் தூங்கிவிடுகிறாள். எழுப்ப வேண்டுமா?

வேண்டாம். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில், பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார், உயிர் இருக்கிறது என்றார், மறுபடி மேலே வந்து விடியும்வரை பேசினார். நம் வீட்டில் பாயில்தான் விழுகிறாள். போர்வையை இழுத்து மூடிவிட்டு, விட்ட வசனத்திலிருந்து தொடருங்கள்.